முதுகில் ஊசி போட்டால் நாக்கில் ஏன் இரும்புச் சுவை?

கேள்வி இதுதான்: “இடுப்பில் சவ்வு விலகியதற்காக முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். கால் வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர் குடித்தால்கூட இரும்பை நக்கியது போல இருக்கிறது. யாரும் எதையும் எரிக்காத நேரத்தில் ஒயர் கருகும் வாடை வருகிறது. ஊசி போட்ட இடத்தில் கேட்டால், இதற்கும் ஊசிக்கும் தொடர்பே இல்லை என்கிறார்கள். நரம்பு ஏதாவது கெட்டுவிட்டதா? எப்போது சரியாகும்? அடுத்த மாதம் இரண்டாவது ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா?”

நான் மயக்கவியல் மருத்துவர். வலி சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக இதே ஊசிகளைப் போட்டுவருகிறேன். இந்தக் கேள்வி என் எதிரில் உட்கார்ந்தவர்களிடமிருந்து பலமுறை வந்திருக்கிறது, பெரும்பாலும் தயங்கித் தயங்கி, போகும்போது கதவருகில் நின்றுகொண்டு. அதனால் முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இடுப்புப் பகுதித் தண்டில் சுவைக்கோ மணத்துக்கோ உரிய நரம்பு ஒன்றுகூட இல்லை. சுவையைக் கொண்டுபோகும் நரம்புகள் மூன்று: முக நரம்பின் கிளை, நாத்தொண்டை நரம்பு, வேகஸ் நரம்பு. மூன்றும் தலையிலேயே மூளைத்தண்டோடு சேருகின்றன. மண நரம்பு மூக்கின் கூரையிலிருந்து நேரே மூளைக்குள் போகிறது. இடுப்பில் இறங்கிய ஊசி இவற்றில் எதையும் தொட்டிருக்க முடியாது.

ஆனால் “தொடர்பே இல்லை” என்ற பதிலையும் நான் ஏற்கமாட்டேன். ஊசிக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் தலைவலி, முகம் சிவத்தல், தூக்கம் கெடுதல், சர்க்கரை ஏறுதல், தொற்று என்று எழுதியிருக்கும். சுவை, மணம் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. பட்டியலில் இல்லை என்பதாலேயே உடம்பில் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நரம்பியல் வார்டில் ஒரு நாள் நின்றால் தெரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை கெடும் நோய்) உள்ளவர்களுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்கள் ரத்தத்தில் ஏற்றுவார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வாயில் உலோகச் சுவை வருவதாகச் சொல்பவர்கள் ஏராளம். செவிலியர்கள் அதை முன்கூட்டியே சொல்லி, மிட்டாய் ஒன்றைக் கையில் கொடுப்பதும் உண்டு. முதுகில் போடுவதும் அதே வகை மருந்துதான். அளவு மட்டும் மிகக் குறைவு, வழக்கமாக 40 முதல் 80 மில்லிகிராம்.

டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டை ரத்தக்குழாயில் வேகமாகச் செலுத்தினால், பிறப்புறுப்பைச் சுற்றிச் சில நொடிகள் கடுமையான எரிச்சல் வரும். அதில் உள்ள பாஸ்பேட் உப்புதான் காரணம் என்று கருதப்படுகிறது. தெரியாதவர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். மருந்துகள் உடம்பில் போய்த் தட்டும் கதவுகள் அப்படி எதிர்பாராதவை. அதனால் நோயாளி சொல்வதை முதலில் நம்பிவிட்டு, பிறகு காரணம் தேடுவதே என் வழக்கம்.

காரணம் தேடும்போது நான் முதலில் கேட்பது “எப்போது தொடங்கியது?” என்பதைத்தான். என்ன சுவை, என்ன வாடை என்பதெல்லாம் பிறகு. ஊசி போட்ட முதல் நிமிடத்தில் வந்த இரும்புச் சுவையும், மூன்றாம் நாள் வந்த இரும்புச் சுவையும், மூன்றாம் வாரம் வந்த இரும்புச் சுவையும் நாக்குக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மூன்றும் வேறு வேறு ஆட்கள்.

நிமிடக் கணக்கில் வருவதை முதலில் சொல்கிறேன். ஒருநாள் ஒருவர் மேசையில் குப்புறப் படுத்திருந்தார். எக்ஸ்ரே திரையில் ஊசிமுனை நரம்பு வேருக்கு அருகில் சரியாக நின்றது. எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்திப் பார்த்தேன், நரம்பை ஒட்டி அழகாகப் பரவியது. பிறகு மரப்பு மருந்து கொஞ்சம். கால் நிமிடம்கூட ஆகியிருக்காது; தலையணைக்குள்ளிருந்து, “டாக்டர், வாயில் காசை வைத்த மாதிரி இருக்கிறது” என்றார். கையை அப்படியே நிறுத்திவிட்டேன். காதில் இரைச்சல் கேட்கிறதா, உதடு மரக்கிறதா என்று கேட்டேன். உதடு லேசாக, என்றார். திரையை ஓடவிட்டு மறுபடியும் ஒரு துளி சாயம் செலுத்தினேன். இந்த முறை அது தங்கவில்லை. மெல்லிய கோடாக ஓடி மறைந்தது. ஊசிமுனை ஒரு நூலளவு நகர்ந்து சிரைக்குள் போயிருந்தது. ஊசியை வெளியே எடுத்து, அவரை அரைமணி நேரம் கண்காணிப்பில் வைத்தோம். சுவை ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. ஸ்டீராய்டு அன்று உள்ளே போகவே இல்லை.

அவருடைய நாக்கு எனக்கு எச்சரிக்கை மணி அடித்தது. லிக்னோகெயின், பூபிவகெயின் போன்ற மரப்பு மருந்துகள் ரத்தத்தில் அதிகம் கலந்தால் முதலில் தெரிவது இதுதான்: உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மரப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல். அதைக் கவனிக்காமல் மேலும் செலுத்தினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம். தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடத்தில் சிரைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. நரம்பு வேர் வெளிவரும் துளை வழியாக இடுப்பில் போடும் ஊசிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் முனை ரத்தக்குழாய்க்குள் நுழைகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் சாயமும் திரையும். ஆகவே மேசையில் படுத்திருக்கும்போது வாயில் எந்த மாற்றம் தெரிந்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏதாவது நினைத்துக்கொள்வார்கள் என்று அடக்கிக்கொள்ள வேண்டாம். அந்தச் சுவையோடு உடம்பில் அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல் சேர்ந்தால் அது ஒவ்வாமை. அங்கேயே, அப்போதே சிகிச்சை தேவைப்படும்.

ரத்தத்தில் போன மருந்தை நாக்கு எப்படிச் சுவைக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சுவை மொட்டுகளை ஒட்டி நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. மருந்து பின்பக்கமாக, அதாவது ரத்தத்தின் வழியாக, அந்த மொட்டுகளை எட்டிவிடுகிறது. உமிழ்நீரிலும் கொஞ்சம் சுரக்கிறது. இதை மருத்துவர்கள் ஒரு காலத்தில் அளவுகோலாகவே பயன்படுத்தினார்கள். இதயத்தின் வேகத்தை அறிய, கைச் சிரையில் சாக்கரினையோ டீஹைட்ரோகோலிக் அமிலத்தையோ செலுத்திவிட்டு, நாக்கில் இனிப்போ கசப்போ தெரியும் வரை நொடிகளை எண்ணுவார்கள். ஆரோக்கியமானவருக்குச் சுமார் 10 முதல் 16 நொடிகள். இதயம் தளர்ந்தவருக்கு அதைவிட நீளும். ஜப்பானில் மூக்குக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. வைட்டமின் பி1 வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைச் சிரையில் செலுத்தினால், அது ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளிவந்து, சில நொடிகளில் பூண்டு வாசனையாக மூக்கில் தெரியும். வாசனை எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்து மோப்பத் திறனை மதிப்பிடுவார்கள். ஊசி போட்ட இடம் ஒன்று, வாடை தெரிகிற இடம் வேறு என்பதில் வியப்படைய ஒன்றுமில்லை.

அன்று உங்கள் உடம்புக்குள் போனது ஸ்டீராய்டு மட்டும் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சாய மருந்தில் அயோடின் இருக்கிறது. சிடி ஸ்கேனுக்காக அதைச் சிரையில் ஏற்றும்போது உடம்பெல்லாம் சூடு பரவி வாயில் உலோகச் சுவை வருவது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். முதுகில் பயன்படுவது ஓரிரு மில்லி லிட்டர்தான். பல ஸ்டீராய்டு குப்பிகளில் பென்சைல் ஆல்கஹால் என்ற பதப்படுத்தும் பொருள் கலந்திருக்கும், அதற்கே லேசான வாசனை உண்டு. கையில் ஊசிக்குழாய் போட்டிருந்தால், அதைக் கழுவச் செலுத்தும் உப்புநீரின்போதுகூடச் சிலருக்குச் சட்டென்று ஒரு விநோதச் சுவையும் வாடையும் வரும். முன்பே நிரப்பிவைத்த பிளாஸ்டிக் சிரிஞ்சிலிருந்து கசியும் ஆவியாகும் பொருள்களே அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. இவை எல்லாம் நிமிடங்களில், மிஞ்சிப்போனால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

உங்களுக்கு வந்தது மூன்றாம் நாள். அதனால் மேலே சொன்ன அத்தனை பேரையும் விட்டுவிடலாம். மரப்பு மருந்து அன்றிரவே போய்விட்டது. சாயம் ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விட்டது. மிஞ்சி நிற்பது ஸ்டீராய்டு ஒன்றுதான். டிரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் அசிடேட் போன்றவை கரையாத நுண்துகள்களாகவே உள்ளே போகின்றன. அவை போட்ட இடத்தில் படிந்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ரத்தத்திலும் கலக்கின்றன. டெக்ஸாமெத்தசோன் நீரில் கரைவது, சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும். எந்த ஸ்டீராய்டு போட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த நாட்களில் ஸ்டீராய்டு நேரடியாக நாக்கைக் கெடுப்பதைவிட, வாயின் சூழலைக் கெடுப்பதையே நான் அதிகம் பார்க்கிறேன். ரத்தச் சர்க்கரை முதலில். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஊசி போட்ட நாளிலிருந்து சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், அளவு எகிறும். தாகம் எடுக்கும், வாய் உலரும், நாக்கு ஒட்டும். உமிழ்நீர் இல்லாமல் சுவை இல்லை. சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருந்தவருக்கு இந்த ஊசிதான் அதைக் காட்டிக்கொடுத்தது என்பதும் நடந்திருக்கிறது. வீட்டில் கருவி இருந்தால் இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது எதுக்களிப்பு. ஸ்டீராய்டோடு வலி மாத்திரைகளும் சேர்ந்தால் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது கூடும். படுத்திருக்கும்போது அமிலம் தொண்டை வரை ஏறி, விடியற்காலையில் வாய் புளிக்கும், கசக்கும். எழுந்து பல் தேய்த்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு மட்டுப்படும். உங்கள் சுவை மாற்றம் காலையில் மோசமாகவும் மாலையில் பரவாயில்லாமலும் இருந்தால் சந்தேகத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள்.

மூன்றாவது, வாயில் பூஞ்சை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய இது அடிக்கடி பார்க்கப்படாமலே போகிறது. சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மா, ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து வந்தார். நாக்கு செத்துக் கிடக்கிறது, எதைத் தின்றாலும் பஞ்சைத் தின்பது போல இருக்கிறது என்றார். அவர் பார்த்த இருவரும் மனக்கவலை என்று சொல்லியிருக்கிறார்கள். பல்செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்தேன். செட்டு மூடியிருந்த மேலண்ணம் முழுவதும் செக்கச்செவேலென்று இருந்தது. கன்னத்தின் உட்புறம் தயிர்த்துளி தெறித்தது போல வெள்ளைத் திட்டுகள். துணியால் துடைத்தால் வந்தது, அடியில் சிவப்பு. பூஞ்சை மருந்தும் சர்க்கரைக் கட்டுப்பாடும், இரவில் செட்டைக் கழற்றிவைக்கும் பழக்கமும் சேர்ந்து இரண்டு வாரத்தில் அவருக்குச் சுவையைத் திருப்பித் தந்தன. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும். கண்ணாடி முன் நின்று, நல்ல வெளிச்சத்தில், நாக்கை நீட்டியும் கன்னத்தை ஒதுக்கியும் நீங்களே பாருங்கள்.

இவற்றுக்கு அப்பால், சுவைக்கும், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்து கார்ட்டிசால் என்ற உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் நேரடி உறவு ஒன்று இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கே இந்த நோயாளிகளைப் பார்க்கும் பார்வை மாறியது. 1963இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹென்கின் குழுவினர், அட்ரினல் சுரப்பி வேலை செய்யாத நோயாளிகளின் நாக்கைச் சோதித்தார்கள். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு எதுவானாலும், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத நீர்த்த கரைசலில்கூட அவர்களுக்குத் தெரிந்தது. உப்பைக் காக்கும் ஹார்மோனைக் கொடுத்தபோது அது மாறவில்லை. கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டைக் கொடுத்ததும் நாக்கு வழக்கமான நிலைக்கு வந்தது. மணத்திலும் இதே போன்ற மாற்றத்தை அவர்கள் பின்னர் பதிவு செய்தார்கள். அதாவது நாக்கும் மூக்கும் எவ்வளவு கூர்மையாக இருக்கவேண்டும் என்பதை நம் உடம்பின் சொந்த ஸ்டீராய்டும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது. முதுகில் போட்ட ஊசியோ அந்தச் சொந்தச் சுரப்பை மூன்று வாரம் வரையும், சிலருக்கு அதற்கு மேலும், அமுக்கிவைக்கிறது. வெளியிலிருந்து வந்தது ஏறி இறங்கும்போது, உள்ளே சுரப்பது படுத்துக்கிடக்கிறது. அந்த இடைவெளியில் சுவை தடம்புரள்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் அதை மறுக்கமாட்டேன். சுவை மாற்றத்தோடு கடும் அசதி, குமட்டல், பசியின்மை, எழுந்து நின்றால் கண் இருட்டுவது ஆகியவை இருந்தால் காலை நேரக் கார்ட்டிசால் பரிசோதனை செய்யவேண்டும். எச்ஐவி மருந்துகளில் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் எடுப்பவர்களும், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து எடுப்பவர்களும் இதில் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். இவை ஸ்டீராய்டு உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தடுத்து, ஒரே ஊசியின் விளைவை மாதக்கணக்கில் இழுத்துவிடும், குறிப்பாக டிரையாம்சினலோனை.

இப்போது கருகல் வாடை. நம் மொழியில் சுவை ஆறு என்கிறோம்: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு, உவர்ப்பு. உடலியல் நூல்கள் ஐந்து என்கின்றன. அங்கே கார்ப்பும் துவர்ப்பும் இல்லை, உமாமி (இறைச்சி, காளான் போன்றவற்றின் சுவை) இருக்கிறது. கார்ப்பு என்பது எரிச்சலை உணரும் நரம்பின் வேலை, துவர்ப்பில் பெரும்பங்கு தொடுவுணர்வு. இரண்டு பட்டியலிலும் இல்லாதது இரும்பு. இரும்புச் சுவை என்று நாம் சொல்வதில் பாதி, வாயிலிருந்து தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் வாடைதான். அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவை மோசமாக இருக்கும் நேரத்தில் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். இரும்பு காணாமல் போய், கையை எடுத்ததும் திரும்பினால் பிரச்சினை மூக்கில். பிடித்தபோதும் அப்படியே இருந்தால் வாயில். பிறகு நுனி நாக்கில் கொஞ்சம் உப்பு, சிறிது நேரம் கழித்துக் கொஞ்சம் சர்க்கரை. இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் சுவை மொட்டுகளும் நரம்பும் வேலை செய்கின்றன.

இல்லாத வாடை தெரிவதில் கருகலும் புகையும்தான் அதிகம் சொல்லப்படுபவை. முதலில் அருகில் இருப்பவரிடம், “உனக்கும் வருகிறதா?” என்று கேட்டுவிடுங்கள். நிஜமாகவே ஒயர் கருகிக்கொண்டிருக்க, இது ஊசியின் வேலை என்று உட்கார்ந்துவிடக்கூடாது. அது இல்லை என்று தெரிந்தபின், ஒரு மூக்குத் துளையை அடைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை. அடைத்ததும் வாடை நின்றால் பெரும்பாலும் மூக்குச் சமாச்சாரம்: சளி, சைனஸ், கொரோனா போன்ற வைரஸ். ஊசி போட்டுக்கொண்ட வாரத்தில் சளி பிடிக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லையே. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வீக்கத்தையும் அமுக்கிவிடுவதால் தொற்று வந்ததே தெரியாமலும் போகலாம்.

நான் பார்த்தவரை, எல்லோரும் மறந்துவிடுகிற இன்னொரு ஆள் இருக்கிறார்: ஊசி போட்ட அன்று எழுதித்தந்த மாத்திரைச் சீட்டு. நரம்பு வலிக்கு ப்ரீகாபலின், டியூலாக்ஸெட்டின், பிறகு ஏதாவது ஆன்டிபயாடிக். டியூலாக்ஸெட்டின் சுவையை மாற்றும். ப்ரீகாபலின் வாயை உலர்த்தும். கிளாரித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் உலோகச் சுவைக்குப் பேர்போனவை. பழைய மாத்திரைகளில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் அப்படித்தான், அதிலும் ஊசியால் சர்க்கரை ஏறியதென்று அதன் அளவைக் கூட்டியிருந்தால். பழி முழுவதும் ஊசி மேல் விழுகிறது, ஏனென்றால் வலித்தது அதுதான். அந்த வாரம் புதிதாகத் தொடங்கிய ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் தொடங்கிய தேதியையும் எழுதிப்பாருங்கள். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். ப்ரீகாபலினையும் டியூலாக்ஸெட்டினையும் திடீரென்று விட்டால் வேறு தொல்லைகள் வரும்.

இனி, காத்திருக்கக்கூடாத அறிகுறிகள். உட்கார்ந்தால், நின்றால் தலை பிளப்பது போல் வலித்து, படுத்தால் குறைந்தால், ஊசி தண்டுவட உறையைத் துளைத்து நீர் கசிகிறது என்று பொருள். மூளையைச் சுற்றிய நீரின் அழுத்தம் குறையும்போது காது இரைச்சல், இரட்டைப் பார்வை, சிலருக்குச் சுவை மாற்றமும் சேரும். ஓய்விலேயே பெரும்பாலும் ஆறிவிடும். ஆறாவிட்டால் உங்கள் ரத்தத்தையே சிறிது எடுத்து அங்கே செலுத்தி அடைப்பார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மூளை நீர் கசிந்தால் தொண்டையில் உப்புச் சுவை வரும் என்று படித்துவிட்டுப் பலர் பதறிப்போய் வருகிறார்கள். அது மண்டையோட்டிலிருந்து மூக்குக்குள் கசியும்போது வருவது. முதுகில் கசிவது வாய்க்கு வர வழியில்லை.

காய்ச்சல், கழுத்து இறுக்கம், நாளுக்கு நாள் கூடும் தலைவலி இருந்தால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தாலும். 2012இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த மெத்தில்பிரெட்னிசலோன் குப்பிகளால் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்று, 64 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்கு முதலில் வந்தது சாதாரணத் தலைவலிதான். கருகல் வாடை சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடம் மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்து, அந்த நேரத்தில் நீங்கள் பேச்சற்று வெறித்துப் பார்ப்பதாக வீட்டார் சொன்னால் அது மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் எழும் வலிப்பாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். முகம் கோணுவது, பார்வை மங்குவது, கால் வலுவிழப்பது, சிறுநீர் வராமல் அடைப்பது, தொடையிடுக்கு மரப்பது: இவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், எப்போது சரியாகும் என்ற கேள்விக்கு வரலாம். சுவை மொட்டின் செல்கள் சுமார் பத்து நாளில் புதிதாகின்றன. மோப்ப நரம்பு செல்களும் புதுப்பிக்கப்படுபவைதான், அவற்றுக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஸ்டீராய்டோடு தொடர்புடைய சுவை மாற்றம் என் நோயாளிகளில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் மங்கி மறைந்திருக்கிறது. ஆறு வாரத்தைத் தாண்டினால் ஊசியை விட்டுவிட்டு வேறு காரணம் தேடத் தொடங்குகிறேன், காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் அனுப்புகிறேன்.

அதுவரை வாயை ஈரமாக வைத்திருங்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பும் சமையல் சோடாவும் கலந்து, சாப்பிடும் முன் கொப்பளியுங்கள். உலோகக் கரண்டியை விட்டு மரக் கரண்டிக்கு மாறுங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவில் இரும்பு குறைவாகத் தெரியும். துத்தநாக மாத்திரையை அள்ளி விழுங்காதீர்கள். உடம்பில் குறைவு இருந்தால்தான் அது உதவும், அளவு மீறினால் தாமிரச் சத்தைக் குறைத்துவிடும். மூக்கில் போடும் துத்தநாக மருந்துப் பக்கம் போகவே வேண்டாம். மோப்பத்தையே இழக்க நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரித்தது. மோப்பம் கெட்டது நீடித்தால் ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் 2009இல் வெளியிட்ட பயிற்சி இருக்கிறது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து, மனத்தை அதில் நிறுத்தி, 12 வாரங்கள் செய்வது. செலவில்லாதது, தீங்கில்லாதது. பொறுமை மட்டும் வேண்டும்.

கடைசியாக, இரண்டாவது ஊசி. முதல் ஊசியின் குறிப்பை எழுத்தில் வாங்குங்கள்: எந்த ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், பதப்படுத்தும் பொருள் இருந்ததா, எந்தச் சாயம், எந்த மரப்பு மருந்து, மயக்கத்துக்கு ஏதாவது கொடுத்தார்களா. அதோடு உங்கள் நாள்குறிப்பையும் கொண்டுபோய், “மூன்றாம் நாள் தொடங்கியது, இன்ன தேதி வரை இருந்தது” என்று சொல்லுங்கள். வேண்டுமென்றால் வேறு ஸ்டீராய்டுக்கு மாறலாம், அளவைக் குறைக்கலாம், பென்சைல் ஆல்கஹால் இல்லாத குப்பியைக் கேட்கலாம். தண்டுவட உறைக்கு வெளியே ஸ்டீராய்டு போடுவதில் அரிதாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், உயிரிழப்புகூட நேர்ந்திருக்கிறது என்று அதே அமெரிக்க அமைப்பு 2014 ஏப்ரலில் எச்சரித்தது. அதனால் ஒவ்வோர் ஊசிக்கும் தனிக் காரணம் இருக்கவேண்டும். உங்களுக்குக் கால் வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறீர்கள். வலி அப்படியே அடங்கி நிற்கிறது என்றால், நாள்காட்டியில் குறித்துவிட்டார்கள் என்பதற்காக இரண்டாவதைப் போடவேண்டியதில்லை. வலி திரும்பினால் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள். நான் உங்கள் மருத்துவராக இருந்தால், நாக்கு பழைய நிலைக்கு வரும்வரை அந்தத் தேதியை நானே தள்ளிவைத்திருப்பேன்.